பிலோமினாக்கா போட்ட நாற்காலி

என் தையல் கடைக்கு முன்னால் பஸ் நிற்காது. நிறுத்தம் இன்னும் சற்றுத் தள்ளி, கோவில் முனையில் இருக்கிறது. போன மாதம் ஒரு காலையில், கடையைத் திறந்து சாமி படத்துக்கு ஊதுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தபோது, புந்தோங் பஸ் நேராக என் வாசலில் வந்து நின்றது. டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்தார். வயதான சீனர். பெயர் தெரியாது, முகம் நன்றாகத் தெரியும். "மினா சுடா தாடா" என்றார். மினா இல்லை என்று மலாயில் சொல்கிறார். என் காது வாங்கிக்கொண்டது, மனம் வாங்கவில்லை. "எந்த மினா?" என்று கேட்டேன். அவர் பஸ்ஸின் பின்வாசலைக் காட்டினார். கண்டக்டர் நிற்கிற இடம் அது.

பிலோமினாக்கா அன்று விடிந்ததும் சர்ச்சுக்குக் கிளம்பியிருக்கிறார். செருப்பை மாட்டக் குனிந்தவர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாராம். பக்கத்து வீட்டார் ஓடி வருவதற்குள் மூச்சு அடங்கிவிட்டது. பல வருஷம் அவரோடு ஒரே வண்டியில் ஓடிய மனிதர், எங்கள் பழக்கம் தெரிந்தவர் என்பதால், எனக்கு முதலில் சொல்ல வேண்டும் என்று டிரைவருக்குத் தோன்றியிருக்கிறது. பஸ் நிறைய ஆட்கள். பள்ளிக்கூடத்துக்கும் பசாருக்கும் போகிறவர்கள். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. அக்கா மட்டும் அங்கே இருந்திருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டார். "நடு ரோட்டுல என்னா மீட்டிங்கு? வண்டிய எடுலா!" என்று அவர் போடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. அது கேட்ட பிறகுதான் அவர் இல்லை என்பது உறைத்தது.

ஈப்போவில் இருப்பவர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. உங்களில் பாதிப் பேர் அவரிடம் டிக்கெட் வாங்கியவர்கள், மீதிப் பேர் திட்டு வாங்கியவர்கள். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். சித்தியவான் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டிய குடும்பத்தில் பிறந்து, ஈப்போவுக்கு வந்து காக்கிச் சட்டை போட்டு, பஸ் கண்டக்டராகக் காலம் முழுக்க நின்றே வேலை பார்த்தவர் பிலோமினா. வேதக்காரர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், "ஏறுறான், எறங்குறான். டெர்மினஸ் வரைக்கும் ஒருத்தனும் வரல" என்று சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிப்பார். அவரும் நானும் லாரி ஓட்டுகிற சுப்பையா அண்ணனும் சேர்ந்து நடத்தியதுதான் 'குடும்பத் துணைக் குழு'. பெயர் வைத்தது நான். "பேரு என்னாத்துக்கு? பஸ்ஸுக்கு நம்பர் இருந்தா போதாதா?" என்று அக்கா கடைசி வரை முனகிக்கொண்டுதான் இருந்தார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் தோட்டத்து ஜனங்களை ஒரு வண்ணம் ஆட்டிப் படைத்தது. அடையாளக் கார்டு நீலமாக இருந்தால் நீங்கள் இந்த நாட்டுக் குடிமகன். சிவப்பாக இருந்தால், இங்கேயே மரம் வெட்டி முடி நரைத்தவராக இருந்தாலும் அந்நியர். சிவப்புக் கார்டுக்காரர் வேலை செய்வதற்குத் தனியாகப் பெர்மிட் வேண்டும் என்று வந்தது. பெர்மிட் கிடைக்காதவரைத் தோட்டத்தில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். இந்தியாவிலிருந்து கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவர்கள், வந்த ஊரின் பெயரைத் தவிர வேறொன்றும் அறியாதவர்கள், மறுபடியும் கப்பலேற மூட்டை கட்டினார்கள். கட்ட மனமில்லாதவர்கள் டவுனுக்கு வந்தார்கள். டவுனுக்கு வர பஸ்தானே ஏற வேண்டும்? அப்படித்தான் அவர்கள் எங்கள் அக்காவின் கண்ணில் பட்டார்கள்.

முதல் குடும்பத்தின் கதையை அவர் அடிக்கடி சொல்வார். ஒரு புருஷன், பெண்டாட்டி, பிள்ளைகள், ஒரு பாய்ச்சுருள், ஈயப் பாத்திர மூட்டை. கடைசி நிறுத்தம் வந்தும் இறங்கவில்லை. பஸ் திரும்பியது, அவர்களும் அதிலேயே திரும்பினார்கள். மறுபடியும் அந்த முனை, மறுபடியும் இந்த முனை. அக்கா போய், "எங்கதான்யா எறங்கணும் ஒனக்கு?" என்று கத்தியிருக்கிறார். அந்த மனிதர் மெதுவாக, "அதாம்மா தெரியல" என்றாராம். வேலை முடிந்ததும் அக்கா அவர்களைக் கையோடு கூட்டி வந்து, என் கடை வாசலில் நிறுத்தி, "தனம், மாடி ரூம்பு சும்மாத்தானே கெடக்கு?" என்றார். சும்மா கிடக்கவில்லை. என் துணி மூட்டைகள் கிடந்தன. அவற்றை இறக்கிவைக்கச் சொன்னார், நானும் இறக்கிவைத்தேன். அன்று இறக்கிய மூட்டைகள் பிறகு மாடி ஏறவே இல்லை.

அவர் எளிதில் ஒத்துப்போகிற மனுஷி என்று சொன்னால், போன இடத்திலிருந்து எழுந்து வந்து என்னைத் திட்டுவார். பிடிவாதம் அதிகம். மன்னிப்புக் கேட்கத் தெரியாது. என் கடையில் தைத்து மடித்து வைத்திருந்த ஒரு வாடிக்கைக்காரியின் ரவிக்கையை எடுத்து, மாற்றுத் துணி இல்லாமல் வந்த ஒரு பெண்ணுக்குப் போட்டு அனுப்பிவிட்டார். நான் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து, "அவளுக்குப் பொருத்தமா இருந்துச்சு தனம். ஒன் கையி கையிதான்" என்றார். கோபப்படுவதா குளிர்ந்துபோவதா என்று தெரியாமல் நான் வேறு துணி வாங்கி வந்து தைத்துக் கொடுத்தேன். சுப்பையா அண்ணன் பாவம். ஞாயிற்றுக்கிழமை ஓய்வு என்பதே அவருக்கு இல்லாமல் போயிற்று. பலகை ஏற்றுகிற லாரியில், முதலாளியிடம் சொல்லிவிட்டு, ஜனங்களின் கட்டிலையும் கோழிக்கூண்டையும் ஏற்றிக்கொண்டிருந்தார்.

இத்தனைக்கும் பின்னால் ஒரு காரணம் உண்டு. அதை அவர் ஒரே ஒரு முறைதான் என்னிடம் சொன்னார். அவருடைய அண்ணன் சிவப்புக் கார்டு. அக்கா இங்கே பிறந்தவர், அண்ணன் அங்கே பிறந்தவர். பினாங்கு துறைமுகத்தில் அண்ணனை வழியனுப்ப இவர் போயிருக்கிறார். கப்பல் நகர்ந்த பிறகு அண்ணன் மேல்தட்டில் நின்று ஏதோ சொல்லியிருக்கிறார். காற்றிலும் கூட்டத்தின் இரைச்சலிலும் ஒரு சொல்லும் கரைக்கு வந்து சேரவில்லை. "என் தொண்டை எங்கண்ணனுக்கு இல்ல தனம். என்னா சொன்னாருன்னே தெரியல" என்றார். போய்ச் சில வருஷங்களில் அந்த அண்ணன் இறந்தும் போனார். அதற்குப் பிறகு கப்பல் என்ற பேச்சை யார் எடுத்தாலும் அக்காவின் முகம் இறுகிவிடும்.

அஞ்சலை வந்தது அந்த நாட்களில்தான். சிவப்புக் கார்டு. கணவர் முனியனுக்கு நீலம், பிள்ளைகளுக்கும் நீலம். வீட்டில் அஞ்சலை ஒருவர் மட்டும் அந்நியர். பெர்மிட்டை மறுபடியும் நீட்டிக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மிச்சமிருந்த ஒரே வழி குடியுரிமை. மனுப் போட்டு, அழைத்த நாளில் ஈப்போ அலுவலகத்துக்குப் போய், அதிகாரி மலாயில் கேட்பதற்கு மலாயிலேயே பதில் சொல்ல வேண்டும். கேள்விகள் பெரிதாக ஒன்றும் இல்லை. பேர் என்ன, எங்கே குடியிருக்கிறாய், எத்தனை பிள்ளைகள், என்ன வேலை. பசாரில் மீன் பேரம் பேசத் தெரிந்த யாரும் சொல்லிவிடலாம். அஞ்சலைக்கும் அவ்வளவு மலாய் இருந்தது. இல்லாதது தைரியம். நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற ஓர் ஆம்பளையைக் கண்டால் அவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். தோட்டத்து ஆபீசில் விடியலில் பெரட்டுக்கு, அதாவது பேர் கூப்பிடும் வரிசைக்கு, நிற்கிறவர்களுக்குக் கையைக் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் பழக்கம்.

அக்கா இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம், மாடி அறையில் இருந்த ஒரே நாற்காலியில் அவரே துவானாக, கேள்வி கேட்கிற அதிகாரியாக, உட்கார்ந்துகொள்வார். என் அளவு நாடாவை எடுத்துக் கழுத்தில் டையாகக் கட்டிக்கொள்வார். என் கத்திரிக்கோலை மேசையில் ஓங்கி அடிப்பார். "ஹோய்! சியாப்பா நாமா?" என்று பேர் கேட்கிற கேட்பில் கீழே கடையில் என் கையில் ஊசி குத்தும். அஞ்சலையோடு இன்னும் சில பெண்களும் வரிசையில் நின்று நடுங்கினார்கள். போகப் போக நடுக்கம் குறைந்தது. அக்கா எத்தனை பலமாகக் கத்தினாலும் கடகடவென்று பதில் வரும்படி ஆயிற்று. "இப்ப எவன் வந்தாலும் சமாளிச்சுருவா. புலியே வந்தாலும் பேரு சொல்லுவா" என்று அக்கா என்னிடம் பெருமையடித்துக்கொண்டார். நானும் நம்பினேன்.

அந்த நாளும் வந்தது. அக்கா வேலையை மாற்றிக்கொண்டார். சுப்பையா அண்ணன் லாரியில் கொண்டுபோய் விட்டார். நாங்கள் மூவரும் வராந்தாவில் நின்றோம், கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே நாங்கள் எதிர்பார்த்த புலி இல்லை. இளவயது மலாய் அதிகாரி ஒருவர், வெள்ளைச் சட்டை, சிரித்த முகம். அஞ்சலை உள்ளே நுழைந்ததும் அந்த மனிதர் எழுந்து நின்றார். எதிரில் இருந்த நாற்காலியைக் காட்டி, "சிலா டுடோக், காக்" என்றார். உட்காருங்கள், அக்கா.

அஞ்சலை திரும்பிப் பின்னால் பார்த்தார். தனக்குப் பின்னால் நிற்கிற யாரோ பெரிய வீட்டு அம்மாவிடம் அவர் பேசுகிறார் என்று நினைத்திருக்க வேண்டும். பின்னால் யாரும் இல்லை. அதிகாரி மறுபடியும் அதையே, இன்னும் மெதுவாகச் சொன்னார். அவ்வளவுதான். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அஞ்சலை குலுங்கி அழ ஆரம்பித்தார். பாவம் அந்தப் பிள்ளை பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அதைக் கண்டதும் அழுகை இன்னும் கூடிவிட்டது. பேர் கேட்டார், பேர் வரவில்லை. பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார், அதுவும் வரவில்லை. பழக்கி வைத்திருந்த மலாய் அத்தனையும் போன இடம் தெரியவில்லை. அவர் நல்ல மனிதர். இல்லை என்று எழுதி முடித்துவிடாமல், இன்னொரு நாள் வரச் சொல்லி அனுப்பினார்.

வெளியே வந்ததும் அக்கா பிடித்துக்கொண்டார். "சொந்தப் பேரு கூடவா மறந்துபோச்சு ஒனக்கு? எத்தன ஞாயித்துக்கெழம கத்துனேன்!"

அஞ்சலை தரையைப் பார்த்தபடியே சொன்னார்: "திட்டுவாருன்னு நெனச்சுல்லக்கா போனேன். அக்கான்னு கூப்புட்டாரு. எந்திரிச்சு வேற நின்னாரு. நான் என்னா பண்ணுவேன்?"

பிலோமினாக்கா திட்டுவதை நிறுத்திவிட்டு லாரியில் ஏறினார். கடைக்கு வந்து, என் அளவு நாடாவை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பிறகு சொன்னார்: "நாந்தான் கெடுத்தேன் தனம். திட்டு வாங்கப் பழக்குனேன். மரியாத குடுத்தா எப்புடி வாங்கிக்கிறதுன்னு பழக்கல." மன்னிப்புக் கேட்கத் தெரியாதவர் என்று மேலே சொன்னேன். அதற்கு மிக அருகில் அவர் வந்தது இந்தப் பேச்சில்தான்.

அடுத்த தடவைதான் கடைசித் தடவை என்பது எங்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஆயிற்று. முனியன் கடைக்கு வந்து, "கெடைக்கலன்னா எல்லாருமா கப்பல் ஏறிருவோங்க. பிரிஞ்சு இருக்க முடியாது" என்றார். அஞ்சலை அதைக் காதிலேயே வாங்கவில்லை. "புள்ளைங்க இங்கயே படிக்கட்டும். பொறந்த எடம் அதுங்களுக்கு. நான் மட்டும் போறேன்" என்றார், ஏதோ பக்கத்துத் தோட்டத்துக்குப் போய் வருகிற மாதிரி. நான் பொத்தான் தைக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டேன். அக்கா எழுந்து வெளியே போய் ரோட்டைப் பார்த்து நின்றார். பினாங்கு துறைமுகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மாடிக்குப் போனால் காட்சியே மாறியிருந்தது. நாற்காலி அறை நடுவில் காலியாக இருந்தது. அக்கா காக்கி உடுப்போடு பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். "அஞ்சல, போயி அதுல உக்காரு" என்றார்.

"ஐயோ, நீங்க கீழ இருக்கீங்க. ஒங்க முன்னாடி எப்புடிக்கா?"

"அதுக்குத்தான் கீழ இருக்கேன். உக்காருலா."

அஞ்சலை நாற்காலியின் விளிம்பில், விட்டால் எழுந்து ஓடிவிடுகிறவர் போல ஒட்டிக்கொண்டார். அக்கா விடவில்லை. "முழு டிக்கெட்டு வாங்கிட்டு எதுக்குப் பாதி சீட்டுல உக்காருற? பின்னாடி சாஞ்சு உக்காரு. கைய மடில வையி. தரைல என்னா தேடுற, காசு கீசு விழுந்துருச்சா? நேரா பாரு." மற்றப் பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அவர்கள் முறை வந்தபோது அவர்களும் விளிம்பில்தான் உட்கார்ந்தார்கள்.

அடுத்த சிக்கல், மரியாதையாகப் பேசுகிற துவானுக்கு ஆள் வேண்டும். அக்கா முயன்று பார்த்தார். "சிலா டுடோக், காக்" என்று அவர் குரலை இழைத்துச் சொன்னது, இறக்கத்தில் பஸ் பிரேக் பிடிக்கிற மாதிரி இருந்தது. அறையே உருண்டு சிரித்தது. கடைசியில் சுப்பையா அண்ணன் கழுத்தில் நாடாவைக் கட்டிவிட்டோம். அவர் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே அரைகுறையாகத்தான் கேட்கும், அவ்வளவு சாதுவான மனிதர். கூச்சத்தோடு அவர் ஒவ்வொரு பெண்ணையும் எழுந்து நின்று வரவேற்று, "உக்காருங்க அக்கா" என்று மலாயில் சொல்லச் சொல்ல, முதல் வாரம் இரண்டொருவர் அழுதார்கள். அக்கா அழ விட்டார். "இங்கயே அழுது முடிச்சிருங்க. அங்க போயி பேரு மட்டும் சொன்னா போதும்" என்றார்.

இரண்டாவது தடவை போனபோது உள்ளே இருந்தவர் வேறு அதிகாரி. வயதானவர், கண்ணாடி போட்டவர், காகிதத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. எழுந்து நிற்கவும் இல்லை, உட்காரச் சொல்லவும் இல்லை. அஞ்சலை மேசைக்கு முன்னால் நின்றார். நாற்காலி பக்கத்திலேயே இருந்தது. பாதிக் கதவு வழியாக நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். திட்டினால் என்ன செய்வது என்று பழக்கினோம். மரியாதை கொடுத்தால் என்ன செய்வது என்றும் பழக்கினோம். கவனிக்கவே கவனிக்காவிட்டால் என்ன செய்வது என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. அக்காவின் நகம் என் மணிக்கட்டில் பதிந்துகொண்டே போனது. அஞ்சலையின் தலை மெல்லத் தாழ்ந்தது. தரைக்குப் போகப் போகிறது என்று நினைத்தேன். போகவில்லை. பாதி வழியில் நின்று, மறுபடியும் நிமிர்ந்தது.

"துவான், போலே சாயா டுடோக்?"

நான் உட்காரலாமா என்று கேட்கிறார். அந்த வாக்கியத்தை நாங்கள் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதிகாரி தலையைத் தூக்கினார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு முறை பார்த்தார். "டுடோக்" என்றார். அஞ்சலை நாற்காலியை இழுத்துப் போட்டு, முழுதாக, முதுகு சாய்த்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவர் கேட்டதும் இவர் சொன்னதும் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை, ஏனென்றால் பக்கத்தில் பிலோமினாக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். "என்னா அழுவுறீங்களா?" என்று கேட்டேன். "சளி" என்றார்.

நீலக் கார்டு கைக்கு வர இன்னும் நாளாயிற்று, ஆனால் வந்தது. முனியன் கப்பல் பேச்சை விட்டார். புந்தோங்கிலேயே வாடகைக்கு இடம் பிடித்தார்கள். அஞ்சலை ஒரு துணி ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். முதல் சம்பளம் வாங்கிய வாரத்தில் சுப்பையா அண்ணனின் லாரி கடை வாசலில் வந்து நின்றது. அதிலிருந்து அஞ்சலை ஒரு நாற்காலியோடு இறங்கினார். "இன்னொருத்தவங்க வந்தா உக்காரட்டும்க்கா" என்று மாடியில் கொண்டுபோய் வைத்தார்.

அதுவே எங்கள் குழுவின் வழக்கமாகிவிட்டது. யாரும் தீர்மானம் போடவில்லை. காலூன்றிக்கொண்ட ஒவ்வொரு குடும்பமும் ஒரு நாற்காலி கொண்டுவந்தது. பிரம்பு நாற்காலி, இரும்பு நாற்காலி, கால் ஆடுகிற நாற்காலி, சீனன் கடையில் கழித்துவிட்ட நாற்காலி. ஒன்றுக்கொன்று சோடியே இல்லை. வருகிறவர் நாற்காலியில், நாங்கள் பாயில், இதுதான் சட்டம். அக்கா ஒரு நாளும் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்ததில்லை. பஸ்ஸில் நின்றார், மாடியில் சுவரோரமாகப் பாயில் உட்கார்ந்தார். அவர் முழுதாகச் சாய்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததே கிடையாது.

ஒரு முறை தலைவர் ஒருவர் எங்கள் சேவையைப் பாராட்ட வந்தார். பெயர் வேண்டாம், இப்போது இன்னும் பெரிய ஆள். அன்று பார்த்து எல்லா நாற்காலியிலும் தோட்டத்திலிருந்து வந்த பெண்கள். அவர் நின்றார். கூட வந்தவர்கள் பெண்களை எழுப்பப் பார்த்தார்கள். அக்கா பாயைத் தட்டி, "வாங்கண்ணே, நம்ம எடம் இங்க" என்றார். தலைவருக்கு வேறு வழியில்லை. சம்மணம் போடும்போது அவருடைய வெள்ளைக் கால்சட்டையின் தையல் விட்டுவிட்டது. தைத்துக் கொடுக்க நான் இருந்தது அவர் அதிர்ஷ்டம். அவர் போன பிறகு அக்கா, "நல்ல தலவருதான். தையல்தான் சரியில்ல" என்றார்.

இலங்கையில் வீடுகள் எரிந்த சமயம், அங்கிருந்து தப்பி, உறவினரைத் தேடி ஒரு குடும்பம் ஈப்போவுக்கு வந்தது. உறவினர் எங்கோ வீடு மாறிப் போயிருந்தார். அந்த வீட்டு அம்மா பேசிய தமிழை அக்கா வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். "இவ்ளோ அழகா பேசுறாங்களே, நம்ம பேசுறது தமிழ்தானா?" என்று என் காதைக் கடித்தார். அந்த அம்மா நாற்காலியில் உட்காரப் பயப்படவில்லை. சொந்த வீட்டில் நல்ல நாற்காலிகள் இருந்தவர். ஆனால் உட்கார்ந்ததும் எழுந்துவிட்டார், எங்கே உட்கார்ந்தாலும் கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அக்கா நாற்காலியைச் சுவருக்கு முதுகு கொடுத்து, வாசல் தெரிகிற மாதிரி திருப்பிப் போட்டார். அந்த அம்மா அதில் உட்கார்ந்து கோப்பி குடித்தார். பயம் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பக்கத்திலிருந்து வரும், நாற்காலியை அதற்கேற்ற மாதிரி போட வேண்டும் என்று பிறகு அக்கா சொன்னார். அஞ்சலை விஷயத்தில் செய்த தப்பை அவர் மறக்கவே இல்லை என்பது எனக்கு அப்போது புரிந்தது.

இறந்த அன்று அக்காவை அவர் வீட்டு முன்னறையில் கிடத்தியிருந்தார்கள். காக்கி உடுப்பிலேயே பார்த்துப் பழகிய எனக்கு, வெள்ளைப் புடவையில் யாரோ போலத் தெரிந்தார். வாடகைக்கு நாற்காலி எடுக்க யாரோ கிளம்பியபோது சுப்பையா அண்ணன் தடுத்துவிட்டார். மாடியிலிருந்த அத்தனை நாற்காலிகளும் லாரியில் வந்து இறங்கின. பிரம்பு, இரும்பு, கால் ஆடுவது எல்லாம். தைப்பிங்கிலிருந்தும் சித்தியவானிலிருந்தும் ஜனங்கள் வந்துகொண்டே இருந்தார்கள். தோட்டத்திலிருந்து வந்த வயதான பெண்கள் பழக்கதோஷத்தில் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தார்கள். அஞ்சலைக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது. ஒவ்வொருவராகக் கைகொடுத்து எழுப்பி நாற்காலிக்குக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தார். "எந்திரிங்க, மேல உக்காருங்க. அக்கா பாத்துக்கிட்டிருக்காங்க, சத்தம் போடுவாங்க" என்றார். அழுதுகொண்டிருந்தவர்களும் அதைக் கேட்டுச் சிரித்தார்கள்.

நான் பெட்டிக்குப் பக்கத்தில் கீழே உட்கார்ந்திருந்தேன். அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. மாலை வாங்கியது, யார் எங்கே நிற்க வேண்டும் என்று சொன்னது, சர்ச் சாமியாருக்கு ஆள் அனுப்பியது எல்லாம் நான்தான். அஞ்சலை ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து என் அருகில் போட்டார். மாடியில் இருந்த முதல் நாற்காலி, அக்கா துவானாக உட்கார்ந்த அதே நாற்காலி.

"டைலரம்மா, உக்காருங்க" என்றார்.

"நான் எதுக்கு? நம்ம எடம் கீழதான."

"இன்னைக்கு நீங்கதான் வந்தவங்க. உக்காருங்கம்மா."

உட்கார்ந்தேன். முதுகு சாய்ந்ததும் எனக்கு வந்த அழுகையை அந்தத் தெருவே கேட்டிருக்கும். அஞ்சலை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, என் காலடியில் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

நாற்காலிகள் மாடிக்குத் திரும்பிவிட்டன. அக்காவின் உடுப்பும் ஜெபமாலையும் சர்ச்சுக்குப் போய்விட்டன. எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது, பாயில் சுவரோரமாக அவர் உட்காரும் இடம். ஞாயிற்றுக்கிழமை மதியம் அங்கேதான் உட்கார்கிறேன். போன வாரம் ஒரு பெண், இடுப்பில் பிள்ளையோடு படியேறி வந்து, உள்ளே வரத் தயங்கி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் மெதுவாகத்தான் கூப்பிட நினைத்தேன். என் வாயிலிருந்து வந்தது அந்தச் சத்தம், டெர்மினஸ் வரைக்கும் கேட்கிற சத்தம்: "என்னாத்துக்கு அங்கயே நிக்கிற? உள்ள வாலா, மொதல்ல உக்காரு!"